பிரஷர் அண்ணாவும் தலைவரின் வாயும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஏசி மெக்கானிக்குகள் ஏராளம். ஆனால் ஏசிக்கு மூச்சுத் திணறினால் தனக்கும் மூச்சுத் திணறும் மெக்கானிக், இந்தப் பூமியிலேயே எங்கள் பிரஷர் அண்ணா ஒருவர்தான்.

ஏசிக்குள் ஓடும் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் எந்நேரமும் அவர் கழுத்தில் தொங்கும். சொந்தத் தங்கையின் கல்யாண போட்டோவிலும் பட்டுச் சட்டைக்கு மேலே அதுதான்! "கேஸ் தீர்ந்திருக்கும், ரொப்பிடுங்க" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு.

"முள்ளைப் பாக்காம கேஸ் ரொப்புறவன், நாடி பாக்காம ஊசி போடுறவன் சார்!"

கத்திரி வெயிலில் ஒரு நாள் எங்கள் வீட்டு ஏசி படுத்துவிட்டது. ஓடும், சுடும், நிற்கும். பிரசவம் முடிந்து வந்திருந்த என் தங்கையின் கைக்குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது தொண்டையே கட்டிவிட்டது. நான் மிஸ்டு கால்தான் கொடுத்தேன். அவர் மொபெட் பறந்து வந்தது.

பால்கனியில் இருந்த அவுட்டோர் யூனிட்டில் கேஜை மாட்டினார். "கேஸ் கம்மின்னா முள்ளு படுத்துகினு இருக்கணும். இது ஏறிகினே போவுது பாரு! உள்ள சூடு வெளிய போவாம திண்டாடுது. அழுக்குதான்!" என்று பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். "இனிமே ஊட்டிதான் சார்!"

ஊட்டி கொஞ்ச நேரம்கூட நீடிக்கவில்லை. மறுபடியும் முள் ஏறியது, ஏசி நின்றது. மனிதர் முகம் செத்துவிட்டது.

அப்போது துணி எடுக்க வந்த தங்கை, "இன்னாண்ணா, பால்கனி அடுப்பு மாதிரி கொதிக்குது?" என்றாள்.

பிரஷர் அண்ணா துள்ளிக் குதித்தார். அந்த வாரம்தான் கட்சியின் வட்டத் தலைவரின் பிறந்தநாளுக்காக எங்கள் பால்கனி முழுவதையும் மறைத்து அவர் முகம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். யூனிட் தள்ளிய அனல் அதில் மோதி, திரும்பவும் யூனிட்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது!

"அண்ணா, வேணாம்ணா…" என்று நான் முடிப்பதற்குள் விசிறிக்கு நேரே ஃபிளெக்ஸைக் கத்தியால் வட்டமாக அறுத்துவிட்டார். கீழே தெருவில் கூச்சல். இறங்கி ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். ஓட்டை விழுந்த இடம், தலைவரின் சிரித்த வாய். அதிலிருந்து அனல் பறந்துகொண்டிருந்தது.

"யோவ்! தலைவர் வாயையா கிழிச்ச?" என்று கட்சிக்காரர்கள் திரண்டார்கள்.

"கிழிக்கலப்பா, தொறந்துவுட்டேன்! முள்ளு எறங்கிகினு கீது, அத பாரு!" என்று ஓட்டை வழியே கத்தினார் பிரஷர் அண்ணா.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவரே வந்துவிட்டார். அவர் தன் வாயை அண்ணாந்து பார்த்தார். நின்றிருந்த ஜனத்தையும் பார்த்தார்.

"நான் பேசறப்ப இவ்ளோ பேர் நின்னதே இல்லையேடா!" என்றவர், உள்ளிருந்து வந்த அழுகையைக் கேட்டதும் குரலைத் தணித்தார். "கொழந்தையா? ஃபிளெக்ஸ அவுத்து எதிர்ல கட்டுங்கடா."

அறை குளிர்ந்தது. குழந்தை மெல்லக் கண்ணை மூடியது. தங்கை காபி கொண்டுவந்தாள். பிரஷர் அண்ணா உதட்டில் விரல் வைத்து வேண்டாமென்று தலையசைத்தார். ஸ்பானர்கள் சத்தம் போடாமலிருக்கப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, படி படியாகப் பார்த்து இறங்கிப் போனார். மொபெட்டைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் செய்தார்.