புள்ளிக்குப் பின் இரண்டு

கிள்ளான்,
6.10.1986

பேரன்பும் பெருமதிப்பும் உரிய மாப்பிள்ளை மீனாட்சிசுந்தரம் அவர்களே! அருமைத் தங்கை கோமதி அவர்களே! செராஸில் உங்கள் அண்டை வீட்டார் எவரேனும் அருகில் நின்றால் கதவைச் சாத்திவிட்டு மேலே படியுங்கள். நலம், நலமறிய அவா என்று தொடங்குவதே மரபு. நான் நலமா இல்லையா என்பதே இங்கு வழக்காக இருப்பதால் அம்மரபை இம்முறை கைவிடுகிறேன்.

என் குறை ஒன்றே. மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் அமர்ந்து, மருத்துவர்கள் கிறுக்குவதை எல்லாம் எண்களாக மாற்றும் பணியைச் செய்யும் நீங்கள், உங்கள் மனைவியின் உடன்பிறந்த அண்ணனாகிய என் பெயருக்கு எதிரே இருநூற்றுத் தொண்ணூற்றாறு, புள்ளி, இரண்டு என்று பொறித்துவிட்டீர்கள். எழுச்சியும் வீழ்ச்சியும் மாறி மாறி வரும் உளநோய் என்பது அதன் பொருளாம். மேடையில் என்மீது கல் விழுந்தபோதும் வராத அச்சம் அன்று வந்தது. இன்னும் போகவில்லை.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். காப்பாரில் நடந்த நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததும் செயலாளர் வேலாயுதம் துண்டுச் சீட்டு அனுப்பினார். அதற்கும் மறுப்புரை வழங்கினேன். ஒலிபெருக்கியை அணைத்தார்கள்; தொண்டையை நம்பினேன். மக்கள் சாப்பிடச் சென்றார்கள், நாற்காலிகள் இருந்தன. நாற்காலிகளைச் சரக்குந்தில் ஏற்றினார்கள், நானும் ஏறிக்கொண்டேன். அதை ஓட்டும் எதிர்வீட்டு லியனார்ட், “அண்ணே, எறங்குங்க லா, இந்த லோரி செராஸ் போகுது” என்று கெஞ்சினார். “செராஸில் தமிழர் இல்லையா?” என்று கேட்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார். வழிநெடுக நின்றபடியே உரையாற்றினேன். அதற்கு முந்தைய பல இரவுகள் நான் உறங்கவில்லை என்பதும், காப்பார் முதல் செராஸ் வரை மின்கம்பம் தோறும் ஒலிபெருக்கி கட்டுமாறு பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரருக்கு ஆணையிட்டேன் என்பதும் உண்மையே. அதற்காக நீங்களும் என் இல்லாள் அலமேலுவும் சேர்ந்து, “மருத்துவமனையில ஒரு கூட்டம், நீங்கதான் தலைமை” என்று பொய் சொல்லி அழைத்துச் செல்லலாமா? பொன்னாடையோடு வந்தேனே!

அங்கே கிரிகரி என்னும் இளம் மருத்துவர் இருந்தார். நல்ல பிள்ளை. “பேரு சொல்லுங்க அங்கிள்” என்றார். சொல்வேந்தர் நாச்சியப்பன் என்றேன். “வேந்தர்னா?” அரசர் என்றேன். “நீங்க அரசரா அங்கிள்?” காப்பார் மக்கள் முடிசூட்டினார்கள் என்றேன். எழுதிக்கொண்டார். “ஏன் தூங்கல?” தமிழினம் உறங்கும்போது நான் எப்படி ஐயா உறங்குவேன் என்றேன். எழுதிக்கொண்டார். “கொஞ்சம் நிறுத்துங்க லா அங்கிள், கை வலிக்குது” என்றார். இடைமறிக்க இயலாத பேச்சு என்று குறிப்பில் உள்ளதாக நீங்களே பிறகு சொன்னீர்கள். கைதட்டலுக்கு இடம் விட்டுத்தான் பேசினேன், மாப்பிள்ளை. அவர் தட்டவில்லை.

சில நாள் அங்கேயே படுக்க வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பிய நாளில் உங்கள் மேசைக்கே வந்து நின்றேன். நீங்கள் தணிந்த குரலில் சொன்னீர்கள்: “மச்சான், இது சுத்திச் சுத்தி வர்ற வகை. மனசு இப்ப மேல இருந்தா புள்ளிக்கு அப்புறம் ரெண்டு. கீழ எறங்கிட்டா மூணு. டாக்டர் எழுதுறதப் பாத்துத்தான் நான் நம்பர் போடுவேன். சொந்தக்காரருன்னு மாத்த முடியாது.” உங்கள் தடித்த நூலில் நாய்க்கடிக்கு எண் உண்டு, ஏணியிலிருந்து விழுந்தவனுக்கு எண் உண்டு, மேடையிலிருந்து இறங்க மறுத்தவனுக்கு ஓர் எண் இல்லையா?

வாய் அடங்காமல் லியனார்டிடம் சொல்லித் தொலைத்தேன். “புள்ளிய விட்டா நாலு நம்பர் ஆச்சே அண்ணே! ஞாயித்துக்கெழம லாட்டரியில எடுத்துப் பாக்கவா?” என்கிறார். என் நோயில் பரிசு விழுந்தால் கிள்ளான் முழுதும் அல்லவா தெரிந்துவிடும்!

சிரிக்காதீர்கள். வரும் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நான் பேச வேண்டும். வேலாயுதம் அறிந்தால் மேடை போயிற்று. அதுகூடப் பெரிதில்லை. அந்த எண் சரியாக இருந்துவிட்டால்? இத்தனை ஆண்டுகள் மக்கள் தட்டிய கை எனக்கா, நோய்க்கா? மாத்திரை போட்டால் நோய் போகும் என்கிறார் கிரிகரி. கூடவே என்ன போகும் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை. எனவே மாத்திரைகளை அலமேலு அறியாமல் வாசல் செம்பருத்திக்குப் போட்டுவருகிறேன். செடி மிக அமைதியாக இருக்கிறது. ஆண்டுதோறும் சில கிழமைகள் நான் சொல்லற்றுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பதைத் தொண்டைக் கட்டு என்றே அவள் ஊருக்குச் சொல்லிவருகிறாள். நானும் அப்படித்தான் நம்பி வர்றேன். தொண்டைக் கட்டுக்கு உங்க நூல்ல எண் இருக்குமே, அதைப் போட்டா என்ன?

கேட்கிறேன், வேண்டுகிறேன், வலியுறுத்துகிறேன்: அந்த எண்ணை அழியுங்கள்! சனிக்கிழமைக்குள் அழியுங்கள்!

நீங்களும் கோமதியும் குறைவொன்றும் இன்றி நீடு வாழ்க.

இவண்,
சொல்வேந்தர் நாச்சியப்பன்

பின்குறிப்பு: மேல உள்ளத எழுதி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, மாப்பிள்ளை. தபால் பெட்டி வரைக்கும் நடக்க முடியல. சனிக்கிழமை வேட்டி கட்டி வாசல் வரை வந்தேன்; அதுக்கு மேல கால் வரல. செம்பருத்திகிட்டயே நின்னுட்டுத் திரும்பிட்டேன். மண்டபத்துல காத்திருந்தாங்களாம். வேலாயுதம் வந்து விசாரிச்சாரு. தொண்டைக் கட்டுன்னு அலமேலு சொல்லி அனுப்பிட்டா. தொண்டை நல்லாத்தான் இருக்கு. சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. இவ்வளவு பெரிய கடிதத்த யார் எழுதினாங்கன்னு பாத்தாலே பயமா இருக்கு. எதையும் அழிக்க வேணாம். ரெண்ட மட்டும் மூணாக்கணும். கிரிகரி தம்பி பாத்து எழுதினாத்தான் ஆகும்னு சொன்னீங்களே. லியனார்ட் இத உங்க கையில குடுப்பாரு. அவருக்கு லாட்டரியில ஒண்ணும் விழல. அவரு லோரியிலயே ஏறி வாங்க. கூட்டம்னு பொய் சொல்ல வேணாம். கூப்பிட்டா வரேன். இன்னைக்கே வாங்க.