சாக அவசரப்படாத லைல் பெக்வித்

சாவதற்கு அவசரப்படாதவர்கள் என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. அதில் யாருக்குத்தான் அவசரம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்வது வாராவாரம் சாகிறவர்களை. சாவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு, சாகிற நேரத்தில் மட்டும் ஊரையே காக்க வைக்கிறவர்களை. ஐம்பதுகளின் கடைசியில் சினிமாக்காரர்கள் குடியிருந்த எங்கள் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். தொலைக்காட்சியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் குதிரை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. குதிரை ஓடினால் பின்னால் ஒரு ஷெரீப், அதாவது ஊர்ப் போலீஸ் அதிகாரி, வேண்டும். ஷெரீப் இருந்தால் அவர் சுடுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம்முடைய ஆள்.

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்தியவர் லைல் பெக்வித். ஆரஞ்சுத் தோப்பை வெட்டிவிட்டு பள்ளத்தாக்கின் ரெசீடா பகுதியில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் மனைவி ஓபலோடு குடியிருந்தார். நிலைப்படியில் இடிக்கிற உயரம், மழித்த கையோடு மறுபடி முளைத்துவிடுகிற தாடி, இவன் மாடு திருடியிருப்பான் என்று பார்த்தவுடனே சொல்ல வைக்கிற முகம். நிஜத்தில் அவர் அயோவாவில் செருப்புக் கடை வைத்திருந்தவரின் மகன். எதிரே மாடு வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

குண்டு பட்டால் சாதாரண மனிதன் என்ன செய்வான்? விழுவான். லைல் அப்படி மரியாதைக் குறைவாக எதையும் செய்ததில்லை. முதலில் தம் மார்பைக் குனிந்து பார்ப்பார், யாரோ காபி கொட்டிவிட்டது போல. பிறகு சுட்டவரை நிமிர்ந்து பார்ப்பார், நீயா என்று. அதற்குப் பிறகுதான் துப்பாக்கி கையிலிருந்து நழுவும், தொப்பி கழன்று உருளும், கால் இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வரும், கை மதுக்கடைத் தூணைத் தேடிப் பிடிக்கும், தூண் இல்லாவிட்டால் குதிரைத் தண்ணீர்த் தொட்டியைப் பிடிக்கும், அதுவும் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற நடிகரையே பிடிக்கும். கடைசியில் விழுவார். விழுந்த பிறகும் இடது கால் ஒருமுறை உதறும். அந்த உதறல் அவருடைய கையெழுத்து.

ஏன் இந்த இழுவை? விழுந்தவன் மேல் கேமரா நிற்காது. அது உடனே ஷெரீபின் முகத்துக்குப் போய்விடும். போனால் போனதுதான். அதனால் நின்று கொண்டிருக்கிற வரைதான் வாழ்வு என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். இரண்டாவது பாடம் இன்னும் கொடுமையானது. ஒரு தொடரில் செத்தவன் அதே தொடரில் அந்த வருஷம் தலைகாட்ட முடியாது. ‘போன மாசம் செத்தவன் எப்படி வந்தான்?’ என்று கன்சாஸிலிருந்து யாராவது எழுதிவிடுவார்கள். இதற்காக லைல் ஒரு செருப்பு டப்பாவில் மீசைகள் வைத்திருந்தார். தொங்கு மீசை, முறுக்கு மீசை, பென்சில் மீசை. வியாழக்கிழமை மீசையில்லாமல் செத்து, அடுத்த மாதம் மீசையோடு வந்து அதே ஷெரீபிடம் மறுபடி சாவார்.

ஓபல் ஒரு அழகு நிலையத்தில் முடி சுருட்டிவிடும் வேலை பார்த்தாள். வாடிக்கைக்காரிகள் தலையை, முடி உலர்த்தும் கூண்டுக்குள் விட்டபடியே துக்கம் விசாரிப்பார்கள்.

“ஓபல், நேத்து ராத்திரி உன் வீட்டுக்காரரை மறுபடியும் சுட்டுட்டாங்களே!”

“ஆமா, பாவம். காலையில முட்டை சரியா வேகலைன்னு சண்டை போட்டுட்டுத்தான் போனாரு.”

வீட்டில் லைல் மற்றவர்கள் சாவதைப் பார்க்கிற அழகே தனி. கடையில் வாங்கிச் சூடாக்கிய அலுமினியத் தட்டுச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவார். யாராவது சுடப்பட்டால் முள்கரண்டி அந்தரத்தில் நிற்கும்.

“பாரு ஓபல், பாரு! நெஞ்சுல குண்டு பட்டிருக்கு, தொப்பி அசையவே இல்லை! பசையா போட்டு ஒட்டியிருக்கான்?”

“பட்டாணி ஆறுது, லைல்.”

அக்கம்பக்கத்து விருந்துகளிலிருந்து கிளம்புவதும் இதே பாணிதான். “சரி, நாங்க வர்றோம்” என்று எழுந்து, கதவு வரை போய், கதவைப் பிடித்தபடி ஒரு கதை சொல்லி, வாசல் விளக்கடியில் இன்னொன்று சொல்லி, காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி மூன்றாவதைச் சொல்லி, ஒருவழியாகப் போய்த் தொலைந்தார் என்று நாங்கள் விளக்கை அணைக்கும்போது அழைப்பு மணி அடிக்கும். தொப்பியை விட்டுவிட்டாராம். எல்லா வீட்டிலும் தொப்பியை விடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒருநாள் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வந்தது.

‘வறட்டாறு’ என்று ஒரு தொடர். அதில் ஷெரீபாக நடித்தவர் ராண்ட் கால்டர். அவருக்குத் துணை ஷெரீபாக நடித்தவர் வேறு தொடருக்கு ஓடிவிட்டார். தயாரிப்பாளர் மர்வின் ஸ்லாட்கின் லைலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இந்த வாரம் நீ மாட்டுத் திருடன் கோல்ப். ஷெரீப் உன்னைச் சுடுவாரு.”

“சரிங்க.”

“தோள்ல.”

“சரிங்க.” பிறகு லைலுக்கு உறைத்தது. “தோள்லயா?”

“தோள்ல. நீ சாகலை. மனசு மாறித் திருந்திடறே. அடுத்த வாரத்திலேருந்து நீதான் துணை ஷெரீப். ஆரம்பத்துலயே, கார்ன்ஃபிளேக்ஸ் விளம்பரத்துக்கு முன்னாடி, உன் பேரு வரும். வாராவாரம். நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், லைல். சாகாம இரு.”

ஆரம்பத்தில் பெயர்! இத்தனை வருஷமாக அவர் பெயர் கடைசியில்தான் வந்தது, அதுவும் வந்ததா இல்லையா என்று கணவனும் மனைவியும் விவாதிக்கிற வேகத்தில். ‘அதோ!’ என்று ஓபல் கை நீட்டுவதற்குள் ஓடிப்போயிருக்கும். அவளுக்குச் செய்தி தெரிந்தபோது அவள் துள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். உதட்டைக் கடித்து அழுகையை அடக்கினாள். அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்: திரையில் பெயர் நிற்க வேண்டும், அதை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆனால் அவளுக்குத் தன் புருஷனைத் தெரியும். அன்றே ஒத்திகை ஆரம்பித்துவிட்டாள். மரக்கரண்டியை நீட்டி “டுமீல்!” என்றாள். லைல் மார்பைக் குனிந்து பார்த்தார், திரைச்சீலையைப் பிடித்தார், கம்பளத்தில் சாய்ந்தார், இடது காலை உதறினார்.

“எழுந்திரு. தோளுதான்.”

“தெரியும், தெரியும். கைப்பழக்கம்.”

“டுமீல்!”

இந்த முறை சோபாவைப் பிடித்துக்கொண்டு செத்தார்.

“லைல், உயிரோட இருக்கறது அவ்வளவு கஷ்டமா?”

“சும்மா ஒரு முட்டி போட்டுட்டு அப்படியே இருக்கறதுன்னா என்னவோ மாதிரி இருக்கு, ஓபல். வேலையைப் பாதியில விட்ட மாதிரி.”

வாரம் முழுக்கச் சுட்டாள். சமைக்கும்போது சுட்டாள், துணி மடிக்கும்போது சுட்டாள், பல் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து சுட்டாள். கடைசியில் லைல் ஒரு முட்டி போட்டு, தோளைப் பிடித்து, உயிரோடு நிற்கக் கற்றுக்கொண்டார். கண் மட்டும் கொஞ்சம் சொருகியது. அதை அவள் பெரிதுபடுத்தவில்லை.

படப்பிடிப்பு பள்ளத்தாக்கின் ஓரத்தில், சாட்ஸ்வொர்த் பாறைகளுக்கு நடுவே நடந்தது. இயக்குநர் டட்லி எப்போதும்போலப் பொழுது சாய்கிற நேரத்துக்கு அந்தக் காட்சியை வைத்திருந்தார். தொலைக்காட்சியில் எல்லாம் அவசரம். அன்றோடு அந்த வாரக் கதை முடிய வேண்டும், குதிரைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். மிச்சமிருந்தது மலை விளிம்பில் தொங்கிய ஒரு துண்டு வெயில்தான்.

“ஒரே தடவைதான், லைல். தோளு, முட்டி, அவ்வளவு. மூஞ்சியைக் கிட்டத்துல எடுக்கறேன். நீ திருந்தறது தெரியணும்.”

டுமீல்.

லைலின் கை தோளுக்குப் போனது. சபாஷ். முட்டி மண்ணில் பட்டது. பிரமாதம். அங்கேயே அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலாவது தப்பித்திருப்பார். நிமிர்ந்து கேமராவைப் பார்த்துவிட்டார்.

அது போகவில்லை. ஷெரீபிடம் போகாமல், ஆயுசில் முதல்முறையாக அவர் முகத்துக்கு எதிரே அப்படியே நின்றுகொண்டிருந்தது. இத்தனை நாள் தூணைப் பிடித்தும் தொட்டியைப் பிடித்தும் கெஞ்சிப் பார்த்தது இப்போது தானாக வந்து நிற்கிறது. வீடு தேடி வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவதா? லைலிடம் கொடுப்பதற்கு என்ன இருந்தது? ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தோளிலிருந்த கை மெல்ல மார்புக்கு இறங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தொப்பியை உருளவிடாமல் தாமே கழற்றி ஷெரீபின் காலடியில் வைத்தார். போகிற வெயிலை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, பாறையில் தலையைச் சாய்த்தார். இடது கால் உதறவே இல்லை. குதிரை பிடிக்கிறவர்கள், நிஜச் சாவுக்கு மரியாதை செய்வது போல, தலையிலிருந்த தொப்பிகளை எடுத்தார்கள். ராண்ட் கால்டருக்கே அடுத்த வசனம் மறந்துபோயிற்று.

“கட்” என்றார் டட்லி, கரகரத்த குரலில். கைதட்டல் பாறைகளில் மோதித் திரும்பியது.

லைல் மலர்ந்த முகத்தோடு கண்ணைத் திறந்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

“ஐயோ! டட்லி, இன்னொரு தடவை! நான் செத்திருக்கக் கூடாது!”

டட்லி மலை விளிம்பைப் பார்த்தார். வெயில் லைலை விடச் சீக்கிரமாகச் செத்துப்போயிருந்தது.

மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார் ஸ்லாட்கின். “பத்து வருஷத்துல நான் இப்படி ஒரு சாவைப் பார்க்கலை, லைல். இதை வெட்டச் சொன்னா எனக்குப் பாவம் பிடிக்கும். கதையை மாத்திடலாம். நீ கவலைப்படாதே.”

கதையை மாற்றினார்கள். துணை ஷெரீப் வேலை, அதே காட்சியில் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இன்னொரு மாட்டுத் திருடனுக்குப் போயிற்று. அவன் செய்த ஒரே காரியம், உயிரோடு நின்றது.

லைல் வீடு வந்தபோது ஓபல் பீச் பழம் பொதிந்த பலகாரம் சுட்டு வைத்துவிட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

“பொழைச்சியா?”

“எல்லாரும் கைதட்டினாங்க, ஓபல். குதிரைக்காரங்க தொப்பியை எடுத்துட்டாங்க.”

“லைல். பொழைச்சியா, இல்லையா?”

“கேமரா போகவே இல்லை. நான் என்ன பண்ணுவேன், சொல்லு. அது பாட்டுக்கு நின்னுச்சு.”

ஓபல் உள்ளே போய் மரக்கரண்டியை எடுத்து இழுப்பறையில் போட்டு அடித்து மூடினாள். நேரே படுக்கப் போய்விட்டாள். அவளுக்குக் கோபம், அதைவிட அதிகமாக வருத்தம். லைல் தனியாக உட்கார்ந்து பலகாரத்தைத் தின்றார். ருசியாக இருந்தது என்று சொல்லக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

சில வாரம் கழித்து அந்தக் கதை ஒளிபரப்பானது. ஓபல் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, அப்புறம் கதவோரம் நின்று, அப்புறம் சோபாவில் வந்து உட்கார்ந்தாள். திரையில் லைல் தொப்பியைக் கழற்றி வைத்தபோது அவள் விம்மி அழுதாள். பக்கத்தில் உயிரோடிருந்த லைலைத் தலையணையால் நாலு சாத்து சாத்தினாள்.

“பாவி மனுஷா! இவ்வளவு அழகாவா சாவாங்க!”

அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த விமரிசனங்களில் அதுதான் உயர்ந்தது. கடைசியில் பெயர் ஓடியது. இந்த முறை ‘அதோ!’ என்று யாரும் கை நீட்டவில்லை. இரண்டு பேருமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தொலைபேசி மணி அடித்தது. வேறொரு தொடரில், நன்றாகச் சாகிற ஆள் ஒருவர் அவசரமாக வேண்டுமாம். லைல் தலை தெறிக்க உள்ளே ஓடினார்.

“ஓபல்! அந்தத் தொங்கு மீசை எங்கே?”

சரி, இத்தோடு முடித்துக்கொள்கிறேன். லைலைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள், சந்தோஷம். போன மாதம் ஓய்வுபெற்ற உங்கள் அதிகாரி பிரிவுவிழாவில் ‘ஒரு வார்த்தை’ என்று ஆரம்பித்து மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் ஆக்கினாரே, அவர் நினைவுக்கு வந்திருப்பார். போனை ‘வெச்சிடறேன்’ என்று சொல்லிவிட்டு வைக்காத சித்தி நினைவுக்கு வந்திருப்பாள். நீங்கள் அப்படியில்லை. நீங்கள் ‘கிளம்பறேன்’ என்றால் கிளம்பிவிடுகிறவர். நேற்றுக்கூட நண்பர் வீட்டு வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு செருப்பைக் காலால் தேடியபடியே பேசிக்கொண்டிருந்தீர்களே, அது கணக்கில் வராது. இதோ, நானும் நிறுத்திவிட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: போகும்போது தொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். எங்களுக்கும் விளக்கை அணைக்க வேண்டும்.