பெரிய துரை பல்கனி

என் வாழ்க்கையில் நான் வாதாடி முழுதாக ஜெயித்தது ஒரே ஒரு தடவைதான். அந்த வெற்றியை ஒரு கப்பலின் மேல்தட்டில் வாந்தியாக எடுத்தேன். அதற்குப் பிறகு தோற்பவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. முப்பது வருஷம் உக்குவளையில் பிள்ளைகளுக்குக் காற்றும் கடலும் படிப்பித்தவள். (இதை மறந்துவிடாதீர்கள். நான் அவமானப்படும் இடத்தில் தேவைப்படும்.) என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ரத்தோட்டைப் பாதையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு அத்துப்படி. மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் எங்கள் வீடு. ஒரே மகள் நிரோஷா, மாப்பிள்ளை கஜனோடு சிங்கப்பூரில் இருக்கிறாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு திட்டம் போட்டார்கள். டிசம்பரில் எங்களை அங்கே வரவழைத்து, எல்லோருமாக நான்கு நாள் உல்லாசக் கப்பலில் போவது. எங்கள் பக்கம் நானும் இவரும். மாப்பிள்ளை பக்கம் அவருடைய அம்மா மட்டும், அப்பா இல்லை. "அறையை நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா" என்று மகள் கப்பலின் வரைபடத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். பிள்ளைகள் செய்த ஒரே பிழை அதுதான். மிச்சப் பிழையெல்லாம் என்னுடையது.

ஃபோனில் பார்த்தால் கப்பல் கொப்பித் தாளில் ஊரும் எறும்பு மாதிரி இருந்தது. டவுனுக்குப் போய்ப் பெரிதாக பிரிண்ட் எடுத்து, நான்கு தாள்களை ஒட்டி, சாப்பாட்டு மேசையில் விரித்தேன். வகை வகையாக அறைகள். ஜன்னலே இல்லாத உள் அறை, வட்டக் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, பல்கனி வைத்த அறை. பல்கனியிலும் கீழ்த்தட்டு, மேல்தட்டு, முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று பிரிவுகள். மூன்று நாள் நாங்கள் மேசையில் சாப்பிடவில்லை. கப்பல் இருந்த இடத்தில் எப்படிச் சாப்பிடுவது? மடியில் தட்டை வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனையோடு வகைகளைத் திருத்தினேன்.

பல்கனி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் காம்பராவில். எங்கள் தோட்டத்தில் மலை உச்சியில், தோட்டத்தை நடத்திய பெரிய துரையின் பங்களா. அதன் மாடியில் வெள்ளைப் பல்கனி. நாங்கள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் துரை அங்கே நின்று டீ குடிப்பார். கீழே நாங்கள் போவது அவர் கண்ணில் பட்டிருக்குமோ என்னவோ, எனக்கு அவர் கையிலிருந்த கோப்பை நன்றாகத் தெரியும். ஒரு நாளாவது அப்படி உயரத்தில் நின்று டீ குடிக்க வேண்டும் என்று எட்டு வயதில் ஆசைப்பட்டேன். அறுபத்திரண்டு வயதிலும் அந்த ஆசை அப்படியே இருந்தது. மலைநாட்டுக்காரர்களுக்கு உயரம் என்றால் உயர்வுதான். வெள்ளம் வராது, காற்று வரும், மரியாதை தானாக வரும். ஆகவே ஆக மேல்தட்டு.

அடுத்த கேள்வி முன்பக்கமா, நடுவா. இதற்கு வீட்டிலேயே நிபுணர் இருந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் வாந்தி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரத்தோட்டை பஸ்ஸில் ஏறும்போது கையில் முகர்ந்து பார்க்கத் தேசிக்காயும் வாந்திக்குச் சிலிசிலி பையுமாகத்தான் ஏறுவேன். அந்த பஸ்ஸின் டிரைவர் இரண்டாம் நாளே முன் சீட்டை எனக்கென்று பிடித்து வைக்கத் தொடங்கினார். முன்னால் இருந்து பாதையைப் பார்த்துக்கொண்டே போனால் வாந்தி வராது. வரவில்லை. வேறொன்று வந்தது, ஒரு வருஷத்தில் அவரையே கட்டிக்கொண்டேன். அவரிடம் இப்போது கருத்துக் கேட்டேன்.

"சந்தேகமே வேணாம், முன்னாலதான்" என்றார். "முப்பது வருஷமா எத்தனை பேர உக்கார வச்சிருக்கேன்."

அப்படியாக, ஆக மேலே, ஆக முன்னே, கப்பலின் மூக்கு நுனியில் இருந்த பல்கனி அறையைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். பக்கத்து அறை சம்பந்திக்கு.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுந்தீவில் பிறந்தவர். தாதியாக மாத்தளைக்கு வந்து முப்பது வருஷமாக டவுனில் இருக்கிறார். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஊர்ப் பேச்சு மட்டும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. என்னை இன்றைக்கும் "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷி. ஆனால் கல்யாணத்தன்று அவருடைய மச்சாள் ஒருவர் என் சேலையை மேலிருந்து கீழாகப் பார்த்து, "நீங்கள் தோட்டப் பக்கமோ?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. கேட்ட தொனி ஒரு வருஷமாக என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. சம்பந்தி ஒன்றும் சொல்லாதவர்தான். இருந்தாலும் அந்த வீட்டாருக்கு முன்னால் ஒரு தடவையாவது உயர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்கு வெறி. உள்ளதைச் சொன்னால், நான் அறை பார்த்தது கடலைப் பார்க்க அல்ல.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் வட்டமிட்ட இடத்தைப் பார்க்காமலே, விரலைக் கீழே கொண்டுபோய் நாலாம் தட்டின் நட்டநடுவில் வைத்தார்.

"எனக்கு இது காணும் ரீச்சர். கீழ, நடுவில. நீங்களும் இதில எடுத்தா நல்லம்."

வட்டக் கண்ணாடி அறை! எனக்குச் சிரிப்பும் இரக்கமும் சேர்ந்து வந்தன. பாவம், பல்கனி கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். வகுப்பில் நிற்பதுபோல எழுந்து நின்று ஒரு பாடமே நடத்தினேன். உயரத்தின் சிறப்பு, காற்றோட்டம், முன் சீட்டுத் தத்துவம், கடைசியாகப் பெரிய துரை பங்களா. எட்டு வயதில் பார்த்த அந்தக் கோப்பையைப் பற்றியும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடல் கொஞ்சம் ஆடும்" என்று ஒரு தடவை சொன்னார். எங்கள் ரத்தோட்டைப் பாதையை விடவா என்று கேட்டேன். அத்தோடு சம்பந்தி விட்டுவிட்டார். ஆனால் தனக்கு மட்டும் அந்த நாலாம் தட்டு அறையையே எடுத்துக்கொண்டார். வாதத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் அவருக்கு இரண்டு கரண்டி வட்டிலப்பம் கூடுதலாக வைத்தேன்.

கப்பல் பின்னேரம் புறப்பட்டது. முதல் மூன்று மணித்தியாலம் நான் பெரிய துரையாக வாழ்ந்தேன். பல்கனிக் கதவைத் திறந்தால் கடலும் வானமும் தவிர வேறில்லை. வெள்ளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீயும் வந்தது. சம்பந்தியை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். "வடிவா இருக்கு ரீச்சர்" என்று மனதாரச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்திருந்தால் காட்டியிருக்கலாம் என்று தோன்றியது. மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில், கையில் கோப்பையோடு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவதாக இருந்தேன்.

விடிந்தபோது கப்பல் திறந்த கடலில் இருந்தது. டிசம்பர் மாதம். வடகீழ்ப் பருவக்காற்று. (ஆம், முப்பது வருஷம். வரைபடத்தில் அம்புக்குறி போட்டுப் படிப்பித்தவள் நான்தான்.) கட்டில் மெல்ல மேலே எழும்பியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு என் வயிற்றை மேலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் இறங்கியது. நாற்காலி அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி வந்தது.

பஸ்ஸில் முன்னால் இருந்தால் பாதை தெரியும். கப்பலில் முன்னால் இருந்தால் அடுத்து வரப்போகும் அலைதான் தெரியும். அது வருவதையும் கப்பல் அதன்மேல் ஏறுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தேசிக்காயை முகர்ந்தேன். பலனில்லை. பல்கனிக்கு ஓடினேன். கம்பியைப் பிடித்தேன். எதிர்க்காற்று என்றால் என்ன என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியவள், அந்த எதிர்க்காற்றின் முகத்துக்கு நேரே வாந்தி எடுத்தேன். காற்று ஒரு சொட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அத்தனையையும் என் புதுச் சேலையிலேயே திருப்பித் தந்தது.

இதில் பெரிய கொடுமை, இவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. வளைவிலேயே வாழ்ந்த மனிதர். கப்பல் சாயும் பக்கம் தானும் சாய்ந்து, தொட்டிலில் கிடப்பதுபோல இருந்தார். "நல்ல காத்து" என்றார். அந்த நேரத்தில் எழும்ப முடிந்திருந்தால் எங்கள் முப்பத்தைந்து வருஷ இல்லறம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

எனக்கு உயிர் போவதைவிடப் பெரிய பயம், இது சம்பந்திக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது. யாராவது வந்தால் நான் சாமி கும்பிடுகிறேன் என்று சொல்லும்படி இவரிடம் சொன்னேன். காலை எட்டு மணிக்கும் சாமி கும்பிட்டேன், ஒன்பதுக்கும் கும்பிட்டேன். பத்து மணிக்கு இவர் கதவைத் திறந்து அதையே சொல்லத் தொடங்க, சம்பந்தி அவரைத் தாண்டி உள்ளே வந்தார். கையில் கிரீம் கிராக்கர் பெட்டி, ஒரு துவாய். தாதி அல்லவா? ஒரு கேள்வியும் கேட்காமல் என் முகத்தைத் துடைத்து, தோளில் கைபோட்டு எழுப்பினார்.

"கீழ வாங்கோ ரீச்சர்."

லிஃப்ட் ஒவ்வொரு தட்டாக இறங்க இறங்க என் வயிறும் தன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நாலாம் தட்டு, நட்டநடு. அந்தச் சின்ன அறையில், கட்டில் பக்கத்து மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது. தண்ணீர் அசையவே இல்லை என்று சொல்ல மாட்டேன்; லேசாகச் சிணுங்கியது, அவ்வளவுதான். நான் சம்பந்தியின் கட்டிலில் விழுந்தவள், மிச்சப் பயணம் முழுவதும் எழும்பவில்லை. இரண்டு பேரும் ஒரே கட்டிலில், தலைமாடும் கால்மாடுமாகப் படுத்து, பிள்ளைகளைப் பற்றியும் பழைய கதையும் பேசினோம்.

அன்று பின்னேரம் பிஸ்கட் கடிக்கும் அளவுக்குத் தெம்பு வந்ததும், இந்த இடம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நெடுந்தீவுப் பிள்ளைக்கு இது தெரியாதா என்று சிரித்தார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் வள்ளத்தில்தான் போய் வந்தவர்கள். பிள்ளைத்தாச்சியையும் புதுப்பெண்ணையும் நோயாளியையும் கீழே, நடுவில்தான் இருத்துவார்களாம்.

"தெரிஞ்சும் ஏங்க என்னைத் தடுக்கல?" என்று கேட்டேன்.

கிரீம் கிராக்கர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "சொல்லத்தான் வந்தனான். நீங்கள் அந்த பங்களாக் கதை சொல்லேக்க உங்கட முகத்தைப் பாத்தன். அதுக்கு மேல சொல்ல எனக்கு மனம் வரேல்ல."

என் தொண்டையில் ஒரு வருஷமாக நின்ற முள் அந்த நிமிஷம் இறங்கிப் போனது. போகும்போது கொஞ்சம் அழவும் வைத்தது. கிரீம் கிராக்கர் நனைந்துவிட்டது.

ஊருக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். உக்குவளையில் சம்பந்தியின் சொந்தக்காரர் ஒருவர் வீடு குடிபுகும் விசேஷம். அந்த மச்சாளும் வந்திருந்தார். கப்பல் எப்படி என்று என்னைக் கேட்டார், அதே தொனியில். நான் வாயைத் திறக்கும் முன் சம்பந்தி முந்திக்கொண்டார்.

"ரீச்சருக்கு ஆக மேல்தட்டு. நாலு நாளும் பல்கனியில நிண்டு கடல் பாத்தவ."

இவர் உடனே உற்சாகமாக ஃபோனை எடுத்துப் படங்களைக் காட்டத் தொடங்கினார். இவர் பல்கனியில் நிற்கிறார். இவர் பல்கனியில் டீ குடிக்கிறார். இவர் பல்கனியில் காலுக்குமேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இருபது படம் தாண்டியும் என்னைக் காணவில்லை. மச்சாள் நிமிர்ந்து, ரீச்சர் எங்கே என்று கேட்டார்.

"படம் எடுத்ததே அவதானே" என்றார் சம்பந்தி, கண் இமைக்காமல்.

"இல்லைங்க, அது கஜன் எடுத்தது" என்றார் என் வீட்டுக்காரர். "இவ வாந்தி எடுத்துக்கிட்டுக் கீழ படுத்திருந்தாளே."

சம்பந்தி தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. மச்சாளைப் பக்கத்தில் இருத்தி, லயத்துக் காம்பராவில் தொடங்கி எதிர்க்காற்று வரைக்கும் ஒன்றையும் ஒளிக்காமல் நானே சொன்னேன். தோட்டப் பக்கம்தான், அதனால்தான் உயரத்துக்கு ஆசைப்பட்டேன் என்றும் சொன்னேன். மச்சாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியபோது தலையில் தட்டிவிட்டதும் நான்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இவருக்குப் பெயர் பெரிய துரை. சம்பந்தி வந்தால் சோபாவின் நடுவைத் தட்டிக் காட்டி, "ரீச்சர், உங்கட இடம்" என்பார். போன கிழமை மகள் அடுத்த பயணத்துக்கு வரைபடம் அனுப்பியிருந்தாள். இந்தத் தடவை மேசையில் விரிக்கவில்லை, சிவப்புப் பேனையும் எடுக்கவில்லை. உடனே பதில் போட்டேன்: நாலாம் தட்டு, நட்டநடு, இரண்டு கட்டில், எனக்கும் சம்பந்திக்கும். ஆக மேலே, ஆக முன்னே பல்கனி ஒன்று, பெரிய துரைக்கு.