ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது என்று போன் செய்தவர்

குறை ஒன்றும் இல்லாமல் கஸ்டமர் கேருக்குப் போன் போடுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் மதுரை செல்லூரில் இருக்கிறார். நாலு விசைத்தறி, சொந்த வீடு, பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரே மகள். அவருக்கு வீட்டில் வைத்த பெயரும் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் வகுப்பில் யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அவர் கஸ்டமர் கேர் அண்ணன்.

வகுப்பு என்று நான் சொல்வது ஒத்தக்கடையில் ஒரு மருந்துக்கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை. மாணவர்கள் அத்தனை பேரும் தொப்பை விழுந்தவர்கள். நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனிக்கு ஒரு வடநாட்டு மேனேஜர் வந்து சேர்ந்ததால் நானும் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் மேடம் எங்களை ‘குட் மார்னிங்’ சொல்லச் சொன்னார். நாங்கள் கூச்சத்தில் முணுமுணுத்தோம். அண்ணன் சொன்ன குட் மார்னிங்கில், கீழே மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று நான் அவரிடமே கேட்டேன். அவர் தன் பயிற்சி முறையைச் சொன்னார்.

“தறி ஓடுறப்பத்தான் தம்பி பேசிப் பழகுறேன். எம்புட்டுத் தப்பாப் பேசினாலும் ஒரு பயலுக்கும் கேக்காதுல்ல.”

தறிச் சத்தத்தில் அவருடைய கூச்சம் போய்விட்டது உண்மைதான். ஆனால் நாலு தறியை மீறிப் பேசிய தொண்டை பிறகு இறங்கவே இல்லை. வகுப்பில் அவர் பக்கத்தில் உட்காருவதற்கு நாங்கள் முறை வைத்துக்கொண்டோம்.

தறியிடம் பேசலாம், தறி பதில் பேசாதே. அதற்காக அவர் கண்டுபிடித்த இரண்டாவது வழிதான் கஸ்டமர் கேர். பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் இங்கிலீஷ் பேசினால் அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறான். கஸ்டமர் கேர்காரர்கள் இறங்க முடியாது. சிரிக்கவும் மாட்டார்கள், கோபப்படவும் மாட்டார்கள். ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தச் சொன்னால் அண்ணன் சந்தோஷமாக அழுத்துவார். கேஸ் சிலிண்டர், பேங்க், டிஷ் ஆன்டெனா என்று ஒருவர் பாக்கி இல்லை.

ஒருநாள் ஃபிரிட்ஜ் கம்பெனிக்குப் போட்டார். என்ன கம்ப்ளெயின்ட் சார் என்று அந்தப் பெண் கேட்டது. கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லை, ஃபிரிட்ஜ் வெரி குட், மோர்கூட நல்லா ஜில்லுன்னு இருக்கு, சொல்லலாம் என்று கூப்பிட்டேன் என்றார் இவர். இதற்கு எந்தப் பட்டனைத் தட்டுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மறுநாள் ஒரு மெக்கானிக் கருவிப்பையோடு செல்லூர்ச் சந்தெல்லாம் அலைந்து வீட்டைக் கண்டுபிடித்து வந்து நின்றான். அண்ணன் அவனுக்கு அந்த மோரையே கொடுத்து, இங்கிலீஷில் அரை மணி நேரம் பேசி அனுப்பினார்.

இதன் பலன், அவருக்குக் கஸ்டமர் கேர் இங்கிலீஷ் மட்டும்தான் வந்தது. நான் தும்மினால் ‘ஸாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்’ என்பார். மேடம் தாமதமாக வந்தால் எங்கள் பக்கம் திரும்பி ‘தேங்க்யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்’ என்பார். பெரிய மனிதர்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்பது அவருடைய தீர்மானமான எண்ணம். அதை மாற்ற மேடம் எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கைகழுவினார்.

இத்தனை பாடும் எதற்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மகள் தேவி, கூட வேலை பார்க்கும் ஒடிசாப் பையனை விரும்பியிருக்கிறாள். பையனின் அப்பா பேங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் வீட்டாரோடு நேரில் பேசிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றிருக்கிறார். உங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் வருமா என்று அவர் போனில் கேட்டபோது, லீவில் வீட்டுக்கு வந்திருந்த தேவி, சுமாராக வரும் என்று இழுத்தாளாம். பக்கத்தில் இருந்த அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. நீங்க தமிழ்லயே பேசுங்க, நான் சொல்லிக்கிறேன் என்று மகள் சொன்னதையும் அவர் கேட்கவில்லை.

“தன் கல்யாணத்தைப் பொண்ணே பேசுனா நல்லாவா இருக்கும்? எம் மகளுக்கு நாந்தானே தம்பி பேசணும். நான் திக்கித் திணறிச் சம்பந்தம் கலைஞ்சு போச்சுன்னா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

சம்பந்தி வரும் நாளில் அவசரத்துக்கு உதவ நான் அடுப்படியில் நிற்பதென்று முடிவானது. வகுப்பில் என் இங்கிலீஷும் கடைசி பெஞ்சுதான் என்பதை அவரும் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒடிசாக்காரர்கள் வந்தார்கள். நான் கையில் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். கூடத்தில் அண்ணன், வந்ததற்கு நன்றி, உங்கள் வருகை எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று அட்டகாசமாக ஆரம்பித்தார். பையனின் அப்பா மடமடவென்று இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பிறகு அந்தத் தறிக் குரல்.

“மே ஐ பிளேஸ் யூ ஆன் ஹோல்ட், சார்?”

சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டார். அவர் உள்ளே நுழைந்ததும், அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி, எனக்கு மதனி, ஏற்கெனவே பேசி வைத்தபடி, ரேடியோவைப் போட்டுவிட்டார். ஹோல்டில் போட்டால் பாட்டு கேட்க வேண்டுமல்லவா. கூடத்தில் ரேடியோ பாட, உள்ளே அண்ணனும் நானும் கேள்விக்கு அர்த்தம் தேடினோம். கல்யாணத்தை எங்கே வைப்பது என்று கேட்கிறார் என்று நான் குத்துமதிப்பாகச் சொன்னேன். அவர் போனார். ரேடியோ நின்றது. அடுத்த கேள்விக்குத் திரும்ப வந்தார். ரேடியோ பாடியது. கதவு இடுக்கில் பார்த்தேன். தேவி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பையனின் அப்பா வாட்சைப் பார்த்தார். சம்பந்தம் கையைவிட்டுப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த பையனின் அம்மா அப்போது பேச ஆரம்பித்தார். இங்கிலீஷ் அவருக்கும் தகராறுதான். ‘மை சன்... ஒன்லி சன்...’ என்று நிறுத்தி வார்த்தை தேடினார். கணவர் பொறுக்காமல் மிச்சத்தைத் தானே சொல்ல வந்தார். அண்ணன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“ஒன் மினிட், சார். மேடம் இஸ் ஸ்பீக்கிங்.” பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, நான் ஒருநாளும் அவரிடம் கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னார். “டேக் யுவர் டைம், மேடம். ஐ ஆம் லிஸனிங்.”

அந்த அம்மா நிதானமாகப் பேசினார். மருமகளுக்கு எங்கள் பாஷை தெரியாது, எனக்கு இங்கிலீஷ் வராது, வீட்டுக்கு வந்தாலும் என்னோடு அவள் எப்படிப் பேசுவாள், கொஞ்ச நாளில் மகனும் பேசுவதை விட்டுவிட்டால் நான் என்ன செய்வேன். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், கஸ்டமர் கேரில் செய்வதுபோல, அவர் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதானா மேடம் என்று கேட்டார். அந்த அம்மா தலையாட்டினார். கண் நிறைந்திருந்தது.

இந்த முறை அண்ணன் ஹோல்டில் போடவில்லை. என் மனைவிக்கும் இதே பயம்தான் என்றார். என் மகள் உங்கள் பாஷையைக் கற்றுக்கொள்வாள், அதுவரை மெதுவாகப் பேசுவாள், பேசாவிட்டால் எனக்குப் போன் போடுங்கள் என்று உடைந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தார்.

அந்த அம்மா எழுந்து நேரே அடுப்படிக்கு வந்தார். டம்ளரோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, யாரென்று கேட்காமலே சிரித்துவிட்டு, மதனியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே திரும்பித் தன் கணவரிடம் அவர்கள் பாஷையில் நாலே வார்த்தை சொன்னார். அவரும் சிரித்துவிட்டு, தேதி பார்க்கலாம் என்றார்.

அவர்கள் கார் தெருவைத் தாண்டியதும் தேவி அப்பாவிடம் வந்தாள்.

“எனக்கே அப்படிப் பேச வராதுப்பா.”

அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. இந்த ஊரில் டீக்கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை எல்லோரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறோம், இவரையும் அந்தக் கணக்கில்தான் நானும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் நின்று அண்ணே என்றேன். அது அந்தக் கணக்கில் வரவில்லை.