மத்தியான பூகோளம்

பத்தாவது பையனும் சிலேட்டின் மேல் தலையைச் சாய்த்துவிட்டான். வாத்தியார் பஞ்சநாதன் மேசையைத் தட்டிப் பார்த்தான்; ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

கணக்கு வாத்தியார் யுத்தத்துக்குப் போனதிலிருந்து, கீழப்பழுவூர்ப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் மத்தியானக் கணக்கும் அதை ஒட்டி வரும் பூகோளமும் அவன் தலையில்தான். பிள்ளைகள் கம்பங்கூழைக் குடித்துவிட்டு வந்து சொக்குவார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வருகிறார். வேலை நிரந்தரமானால்தான் கமலவேணியைக் கட்டிக்கொடுப்பேன் என்று உடையார்பாளையத்து மாமா கறாராகச் சொல்லியிருந்தார்.

"நீங்க மூச்சு வாங்குற நேரத்துலதான் தம்பி, அதுங்க கண்ணை மூடுதுங்க" என்றார் தலைமை ஆசிரியர் அமிர்தலிங்கம். "இடைவெளியே விடாதீங்க."

செவ்வாய்க்கிழமை பஞ்சநாதன் இடைவெளி விடவில்லை. கங்கையில் இறங்கியவன் காவிரியில்தான் கரையேறினான். அன்றைக்கென்று பீரியட் நீண்டுகொண்டே போயிற்று. தொண்டை கட்டி அவன் பேச்சு நின்ற பிறகுதான், இரக்கப்பட்டாற்போல மணி அடித்தது. அதற்குள் பாதி வகுப்பு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

புதன்கிழமை எல்லோரையும் நிற்கவைத்து, தானும் கூடச் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னான். அது தாலாட்டாகிவிட்டது. இளையபெருமாள் நின்றபடியே தூங்கி முன்னால் இருந்தவன் மேல் சரிய, வரிசையே சரிந்தது.

"மணியே அடிக்க மாட்டேங்குது சார்!" என்று அழுதாள் ஜெயலட்சுமி.

"நேரம் ஆனா அடிக்கும். எந்திரி!"

பள்ளிக்கூடத்தில் கடிகாரம் கிடையாது. வேப்பமர நிழலைப் பார்த்து, கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவது கூட்டிப் பெருக்கும் பாப்பாத்தியின் வேலை. பாழாய்ப்போன நிழலுக்குக்கூடச் சோம்பல் வந்துவிட்டது என்று பஞ்சநாதன் நொந்துகொண்டான்.

வியாழக்கிழமை தொண்டைக்குப் பனங்கற்கண்டு வாங்கினான். அந்தத் தெம்பில் பேச்சு இன்னும் நீண்டது, பீரியடும்தான்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் தலைப்பாகையும் கைக்கடிகாரமுமாக வந்து நாற்காலியில் அமர்ந்தார். பஞ்சநாதன் தேசப்படத்தில் பிள்ளைகளை அரியலூரில் ரயிலேற்றினான். திருச்சிராப்பள்ளி, மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் வந்தன. மணி மட்டும் வரவில்லை. நிறுத்தினால் தூங்கிவிடுவார்களே! ரயிலை அப்படியே வடக்கே திருப்பினான். மதராஸை நெருங்கும்போது இன்ஸ்பெக்டரின் தலை ஆடத் தொடங்கியது.

என்ன ஆச்சரியம், ஒரு பிள்ளைகூடக் கண்ணை மூடவில்லை. தலைப்பாகை எந்தப் பக்கம் விழும் என்று முப்பது பேரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது முன்பக்கம் விழுந்தது. திடுக்கிட்டு விழித்த இன்ஸ்பெக்டர் முதலில் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சரையா! என் ரயில் போச்சே!" என்று அலறினார். "ஆனா இவ்வளவு நேரமும் ஒரு பிள்ளை தூங்கலையே ஐயா! உம்ம வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிடறேன். முதல்ல மணியை அடிக்கச் சொல்லும்!"

பஞ்சநாதனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. வேப்பமரத்தடிக்கு ஓடினான். பாப்பாத்தி இரும்புக்கம்பியை ஓங்கியபடி நின்றிருந்தாள்.

"ஏம்மா பாப்பாத்தி, நாலு நாளா நேரத்துக்கு மணி அடிக்காம என்ன பண்றே?"

"என்னையவா கேக்குறீங்க? வாத்தியார் பேசிக்கிட்டிருக்கறப்ப மணி அடிச்சா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு பெரிய வாத்தியார் சொல்லிட்டாருங்க. நீங்க எப்பத்தான் வாயை மூடுவீங்கன்னு நாலு நாளா கம்பியும் கையுமா நின்னுகிட்டிருக்கேன் சார்!"