நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தும் நங்கூரத்தார்

திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ கப்பல்களையும் கப்டன்களையும் பார்த்துவிட்டேன். நங்கூரத்தாரைப் போல என் இரத்தத்தைக் கொதிக்க வைத்த இன்னொரு பிறவியை நான் கண்டதில்லை. எங்கள் கொழும்பு மனேஜருக்கே இரண்டாமிடம்தான்.

எனக்குக் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை. கரைக்கு வராமல் தள்ளி நிற்கும் கப்பல்களுக்குப் படகில் போய், ஆடுகிற ஏணியில் ஏறி, கப்டனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். நான் அரை மணித்தியாலம் பிந்தினால் சுங்கம் பிந்தும். சுங்கம் பிந்தினால் லொறி பிந்தும். லொறி பிந்தினால் மனேஜர் போனிலேயே என்னை உரித்துவிடுவார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் வேறு. பல் விளக்கும்போதே ஒரு காதில் போன் இருக்கும்.

அந்தப் படகை ஓட்டுகிறவர்தான் நங்கூரத்தார். பாலையூற்றுக்காரர், ஐம்பதை நெருங்குகிற ஆள். டீசல் மணக்கும் படகில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு நிற்பார். பார்த்தால் படகோட்டி என்று சொல்லமாட்டீர்கள், பூசைக்குப் புறப்பட்டு வழிதவறிக் கடலுக்குள் வந்தவர் என்றுதான் நினைப்பீர்கள்.

முதல் நாளே எனக்குப் பாடம் கிடைத்தது. பாதித் தூரம் போனதும் எஞ்சினை நிறுத்திவிட்டார். படகு தண்ணீரில் சும்மா மிதந்தது.

"என்ன அண்ணன், பழுதோ?"

"இல்லை மிஸ்."

"டீசல் முடிஞ்சுதோ?"

"நிறைய இருக்கு மிஸ்."

"அப்ப ஏன் நிக்குது?"

"அஞ்சு நிமிசம்," என்றார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினார். தூண்டில் போடவில்லை, பீடி பற்றவைக்கவில்லை, செபமும் சொல்லவில்லை. ஒன்றுமே செய்யவில்லை! என் போன் மூன்று தரம் அடித்து ஓய்ந்தது. சரியாக ஐந்து நிமிடத்தில் எஞ்சினைத் திருகி, ஒன்றும் நடக்காதவர்போலப் படகை ஓட்டினார்.

இது ஒரு நாள் கூத்தில்லை. போகும்போது ஐந்து நிமிடம், தினமும். கப்டன் வானொலியில் கத்தினாலும் ஐந்து நிமிடம். சுங்க அதிகாரி படகில் இருந்தாலும் ஐந்து நிமிடம். நங்கூரம் போடாமலே நடுக்கடலில் நிற்கிற மனிதர் என்பதால்தான் அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயரை அலுவலகத்தில் யாரும் பாவித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நான் மனேஜருக்கு முறைப்பாடு எழுதினேன். மனேஜர் விளக்கம் கேட்டார். நங்கூரத்தார் ஒரு வரியில் விளக்கம் எழுதிக் கொடுத்தார்: 'ஐந்து நிமிடம் சும்மா இருந்தேன்.' கீழே அழகான கையெழுத்து.

மனேஜருக்கு வந்த கோபத்தில் அடுத்த வாரமே கொழும்பிலிருந்து ஆளே நேரில் வந்து இறங்கிவிட்டார். "நான் இருக்கேக்க நிப்பாட்டிப் பாக்கட்டும்," என்று படகில் ஏறி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நங்கூரத்தார் வழக்கமான இடத்தில் வழக்கம்போல நிறுத்தினார். மனேஜர் வாயைத் திறந்தார். ஏசத்தான் திறக்கிறார் என்று நினைத்தேன், கொட்டாவி வந்தது. அடுத்த நிமிடம் தலை என் கோப்பின்மேல் சாய்ந்தது. பிறகு ஒரு குறட்டை! கடற்காகங்கள் இரண்டு பயந்து எழும்பிப் பறந்தன.

ஐந்து நிமிடம் முடிந்தது. நங்கூரத்தார் என்னைப் பார்த்தார்.

"எழுப்பவோ மிஸ்?"

"உங்களுக்கு வேலை வேணுமெண்டால் எழுப்பாதேங்கோ."

இருபத்தைந்து நிமிடம் தூங்கி எழும்பிய மனேஜர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சின் சூடாகுது போல. ஆற விடுறது நல்லதுதான்," என்றார். அதற்குப் பிறகு முறைப்பாட்டைப் பற்றி ஒரு கதையும் இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

போன மாரியில் ஒரு மத்தியானம், வெளியில் நின்ற கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. சமையற்காரருக்கு நெஞ்சுவலி, உடனே கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். மழை இருட்டிக்கொண்டிருந்தது. நானும் நங்கூரத்தாரும் போனோம். அன்றைக்கு அவர் வழியில் நிறுத்தவே இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

சமையற்காரரைப் படுக்கையோடு கட்டி இறக்கினார்கள். சாம்பல் பூத்த முகம், வேர்வை. துணைக்கு ஒரு மாலுமியும் வந்தார். அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நோயாளி என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

பாதி வழியில் மழை சுவர்போல வந்து விழுந்தது. கரை மறைந்தது, கப்பல் மறைந்தது. படகு தூக்கித் தூக்கி அடித்தது. எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது.

இந்த முறை நங்கூரத்தார் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

அவர் சாவியை இரண்டு தரம் திருகினார். பிடிக்கவில்லை. மூன்றாம் தரம் திருகவில்லை. எஞ்சின் பெட்டியின் மூடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. "அண்ணன்! இது சும்மா இருக்கிற நேரமே? திருப்பியும் திருகுங்கோ! நங்கூரத்தையாவது போடுங்கோ!"

"இங்க ஆழம் மிஸ். கயிறு காணாது, போட்டாலும் பிடிக்காது. ஆழமில்லாத பக்கம் கொஞ்சம் தள்ளட்டும்."

"எங்க தள்ளட்டும்? அந்தப் பக்கம் பாறையெல்லோ!"

"ஓம். கொஞ்சம் கதையாமல் இருங்கோ, அந்தச் சத்தத்தைத்தான் கேக்கிறன்."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. மழைக்குப் பின்னால், பாறையில் அலை உடைகிற சத்தம். முதலில் தூரத்து லொறிபோல. பிறகு கிட்ட வந்தது. மாலுமி கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். நான் துறைமுகத்துக்குப் போன் எடுத்தேன். இந்தக் காற்றில் உதவிப் படகு வர அரை மணித்தியாலமாவது ஆகும் என்றார்கள். வைத்த கையோடு போன் அடித்தது. மனேஜர்.

"எங்க நிக்கிறீங்க?"

"பாறைக்குப் பக்கத்தில சேர். எஞ்சின் நிண்டுபோச்சு."

"ஐயோ! கப்டன்ர கையெழுத்து எடுத்தாச்சோ?"

நான் போனை நிறுத்திக் கோப்புக்குள் திணித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டித்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பாறை தெரிந்தது. கறுப்பாக, வெள்ளை நுரையோடு, இரண்டு பஸ் நீளத்துக்கு அப்பால். "அண்ணன்..." என்றேன். நங்கூரத்தார் கண்ணைத் திறந்து, எழுந்து, முன்பக்கம் போய் நங்கூரத்தை இறக்கினார். கயிறு ஓடியது. நின்றது. வழுக்கியது. இன்னும் கொஞ்சம் பாறைப்பக்கம் போனோம். பிறகு எங்கோ அடியில் அது கொழுவிக்கொள்ள, படகு ஒரு வெட்டு வெட்டி, முகத்தைக் காற்றுக்குத் திருப்பி நின்றது.

"பிடிச்சிட்டுது," என்றார். "மிஸ், இந்தப் படங்குச் சீலையை எஞ்சினுக்கு மேல பிடியுங்கோ. மழை விழாமல் பிடிச்சாக் காணும். வேறொண்டும் செய்ய வேணாம்."

ஒரு கையில் சீலை, மறு கையில் சமையற்காரர். நங்கூரத்தார் கீழே குனிந்து வேலை செய்தார். தாங்கியின் அடியிலிருந்த கசடெல்லாம் ஆட்டத்தில் கலங்கி வடிகட்டியை அடைத்திருந்தது. அதைக் கழற்றினார், புதியதைப் பூட்டினார், குழாயிலிருந்த காற்றைப் போக்க ஒரு சின்னப் பம்பைக் கையால் அமுக்கினார். ஒன்று, இரண்டு என்று எண்ணி அமுக்கினார். வெள்ளைச் சேட் முழுக்க எண்ணெய். ஒரு அசைவும் அவசரமாக இல்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவும் வேண்டும்போல இருந்தது, பிடித்துத் தண்ணீரில் தள்ளவும் வேண்டும்போல இருந்தது.

சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு தரம் தும்மியது. பிறகு பிடித்துக்கொண்டது.

கரையில் அம்புலன்ஸ் காத்து நின்றது. ஆஸ்பத்திரியில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். ஆளுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று டொக்டர் வந்து சொன்ன பிறகு, எதிர்க் கடையில் இரண்டு பிளேன்ரீ சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன். நங்கூரத்தாரின் கோப்பை தட்டோடு கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தேநீர் பாதி தட்டில் கிடந்தது.

"என்ன அண்ணன், குளிருதோ?"

"பயம் மிஸ்."

"இப்பவோ?"

"எப்பவும்தான்." கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார். "நான் சரியான பயந்தாங்கொள்ளி. முந்தி மூதூர்ப் பக்கம் ஒரு படகு ஓடினனான். இதே மாதிரித்தான் நிண்டது. நான் பதறி, திருகித் திருகி பற்றறியைச் சாகடிச்சுப்போட்டன். ஆழத்தில நங்கூரத்தைப் போட்டு, அதையும் கயிறோட விட்டிட்டன். பாறையில அடிச்சுக் கூட வந்த மனிசனுக்குக் கால் போச்சு. அந்தாள் இப்பவும் என்னைக் கண்டால் சிரிக்கிறவர். அதுதான் எனக்குத் தாங்க ஏலாது."

அவருடைய தட்டில் கிடந்த தேநீரை நான் கோப்பைக்குள் திருப்பி ஊற்றினேன்.

"அதுக்குப் பிறகு படகில ஏறினால் நெஞ்சு படபடக்கும். வேலையை விடவும் ஏலாது. அப்பதான் ஒரு நாள் பாதியில நிப்பாட்டிப் பாத்தன். எஞ்சின் நிண்ட படகில இருந்து பழகவேணும் எண்டு. முதல் நாள் ஒரு நிமிசம்கூட இருக்க முடியேல்ல. இப்ப அஞ்சுக்கு வந்திருக்கிறன். மனேஜர் நித்திரையான அண்டைக்குத்தான் செத்துப் பிழைச்சன்."

"எத்தினை வருசமா?"

"பதினொண்டு."

அதுவரை அவருக்கு ஒரு அவசரமும் இல்லை, ஒரு கவலையும் இல்லை என்று நினைத்து நான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிடமும் அவர் பட்ட பாடு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

"இதை ஏன் முந்தியே சொல்லேல்ல? முறைப்பாடு எழுதியிருக்க மாட்டன்."

"பயந்த ஆள் ஓட்டுற படகெண்டு தெரிஞ்சால் நீங்கள் ஏறுவீங்களோ மிஸ்?"

ஏறியிருக்கமாட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவருடைய கை நடுக்கம் நிற்கும்வரை அந்தக் கடையிலேயே இருந்தோம். எனக்கு வீட்டுக்குப் போக நேரம் பிந்திவிட்டது. பிந்தட்டும் என்று இருந்தது.

இந்த வாரம் நங்கூரத்தாருக்குக் காய்ச்சல். மூன்று நாளாக வேறொருவர் படகு ஓட்டுகிறார். நல்ல கெட்டிக்காரர், எங்கும் நிறுத்துவதில்லை, பதினைந்து நிமிடத்தில் கப்பலடியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். நான் பாலையூற்றுக்கு இன்று இரண்டாம் தரம் போன் எடுத்தேன். அவர் மனைவிதான் எடுத்தார்.

"நித்திரையா இருக்கிறார் பிள்ளை. எழுப்பட்டோ?"

"வேண்டாம் அக்கா," என்றேன். "படுக்கட்டும். நான் எடுத்தனானெண்டு மட்டும் சொல்லுங்கோ."