எங்கள் தெருவின் சிம் கார்டு

ஆதார் என்பது மிக எளிமையான ஏற்பாடு. ஒருவருக்கு ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் அவருடைய விரல் ரேகை, கருவிழி, முகவரி, பிறகு அவரே பார்த்து அதிர்ச்சியடையும் ஒரு புகைப்படம். "நான்தான் அது" என்று அவர் சொன்னால், அவருடைய கைப்பேசிக்கு ஓர் ஓடிபி வரும். அதைச் சொல்லிவிட்டால் அவர் அவரேதான். ஆளுக்கொரு கைப்பேசி, அதற்கு நிரந்தரமாக ஓர் எண் என்று இதை வடிவமைத்தவர்கள் நம்பியிருக்கிறார்கள். கத்திவாக்கத்தில் எங்கள் மீனவர் தெருப் பக்கம் அவர்கள் வந்ததில்லை.

எங்கள் தெருவில், கடலுக்குப் போகிற போன் கரைக்குத் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆஃபரைப் பொறுத்து சிம்மும் மாறும். ஆகவே ஆதாரில் மொபைல் எண் சேர்க்கும் முகாம் நடந்தபோது, பொறியியல் மாணவியான நான் மேசையோரம் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் என் எண்ணைக் கொடுத்தேன். தற்காலிகமாக. (தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.)

படிப்பு முடிந்து வெகுநாள் வீட்டில் இருந்தபின், தகவல் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் இறுதி நேர்காணல் வந்தது. வீடியோவில். பட்டியல் போட்டுத் தயாரானேன்: நெட், சார்ஜ், காலண்டர் இல்லாத சுவர், மூடிய கதவு. எல்லாவற்றுக்கும் டிக். ஜன்னல் பட்டியலில் இல்லை. மீனவர் அட்டையோடு ஆதாரை இணைக்க அன்றுதான் கடைசி நாள் என்பதும் இல்லை.

பேட்டி தொடங்கியதும் போன் துள்ள ஆரம்பித்தது. ஓடிபி. அடுத்து இன்னொன்று. ஜன்னலில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, காதில் போனுடன். மறுமுனையில் அவர் வீட்டுக்காரர், இ-சேவை மையத்தில், தெருவின் சார்பாக.

"பாப்பா, நம்பர் வந்துச்சா? இவரு அங்க பேஜாராவறாரு."

"அக்கா, இன்டர்வியூல கீறேன்."

"நீ பாட்டுக்கு இரு. நம்பர மட்டும் சொல்லிகினே இரு."

மைக்கை அணைத்து வாசித்தேன், திறந்து பதில் சொன்னேன், மறுபடி அணைத்தேன். தொழில்நுட்பம் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்ற பெருமிதம்கூட எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் மேலாளர் கேட்டார்: "ஜனங்க ஓடிபிய மத்தவங்ககிட்ட சொல்ற பழக்கத்த எப்படி நிறுத்துவீங்க?"

மைக்கைத் திறந்தேன். "சார், முதல்ல விழிப்புணர்வு..."

"அத்த அப்பால நிறுத்து," என்றார் அக்கா. "அந்தோணி மாமாவுக்கு வந்த நம்பர சொல்லு."

"யாரும்மா அது?" என்றார் மேலாளர்.

அக்கா எனக்கு உதவ முடிவுசெய்தார். ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து, கேமராவைப் பார்த்தார்.

"சார், நம்பி வேலை குடுங்க. ஏரியா மொத்தம் இந்தப் பொண்ணு கையிலதான் கீது."

"மொத்தம்னா?"

"அல்லாரோட ஆதாரும். பாதிப் பேருக்கு பேங்க்குலயும் இது நம்பர்தான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். மாமாவின் ஓடிபிக்கு இன்னும் சில நிமிடம் ஆயுள் இருந்தது. என் வேலைக்கு அதுகூட இல்லை. மைக்கை அணைக்காமலே ஆறு எண்களையும் வாசித்தேன்.

மாலைக்குள் தெருவில் அத்தனை பேரின் அட்டையும் இணைந்துவிட்டது. எனக்கு மட்டும் எதிர்காலம் சிறக்க வாழ்த்தி ஒரு மின்னஞ்சல் வந்தது.

பிறகு வேறு வேலை கிடைத்தது (பேட்டிக்கு நேரில் போனேன்). என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையைத் தெருமுனையிலேயே நிறுத்தி, ஸ்டெல்லா அக்கா நிபந்தனை சொன்னார்: "தம்பி, பொண்ண எங்க வேணா இட்டுகினு போ. சிம்ம வெச்சுட்டுப் போ."

அந்த சிம் இன்றும் என் நைனாவின் பட்டன் போனில்தான் இருக்கிறது. வரதட்சணை கேட்காத மருமகன் என்று உறவினர் யாராவது புகழ்ந்தால் நைனா விடமாட்டார்: "சிம்மு கூட கேக்கலப்பா அவுரு."